அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ்

பேக்கரியில் வேலை பார்க்கிற கர்ப்பிணிக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் தெரு என்ன சொல்லும்? அதைத்தான் சொன்னது. கேக்கைத் தின்று தின்றே வரவழைத்துக்கொண்டாள் என்று தீர்ப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். தின்றிருந்தாலாவது மனசு ஆறும். சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து அவள் வாயில் ஒரு துணுக்குப் போகவில்லை.

பேக்கரியில் அவளுக்குத் தராசு என்று பெயர். பிஸ்கட்டை ஒரு கை அள்ளிப் பொட்டலத்தில் போட்டாளானால், அதை எடை மிஷினில் வைத்துச் சரிபார்க்கிறவர்தான் வெட்கப்பட வேண்டும். அடுப்பு மாஸ்டர் வைத்த பெயர் அது. புருஷன்கூட வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டான். அந்தப் பேக்கரியில் உடைந்த பிஸ்கட்டும் ஓரம் கருகிய கேக்கும் வேலை செய்கிறவர்களுக்குத்தான். பெரிய தகர டின்னில் போட்டு மேஜைக்குக் கீழே வைத்திருப்பார்கள், யார் வேண்டுமானாலும் கையை விடலாம். முன்பெல்லாம் தராசும் விட்டவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. இப்போது அந்தப் பக்கமே திரும்பாமல், வயிற்றைத் தூக்கிக்கொண்டு மேஜையை ஒரு சுற்றுச் சுற்றிப் போனாள்.

இவ்வளவு வைராக்கியத்துக்குக் காரணம் முதல் பிள்ளை. ஒன்பதாம் மாதத்தில் ஒரு காலை அசைவு நின்றது. மதியத்துக்குள் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். கொழுகொழுவென்று, தலை நிறைய முடியோடு, மூச்சில்லாமல். இவ்வளவு பெரிய பிள்ளையா என்று பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்களே தவிர, எதனால் போனது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சர்க்கரை பார்த்திருக்க வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவுமில்லை. இந்த முறை அரசாங்கக் கிளினிக்கில் தித்திப்புத் தண்ணீர் ஒரு டம்ளர் குடிக்க வைத்து ரத்தம் எடுத்தார்கள். அங்கே இருந்த நர்ஸை எல்லோரும் கண்ணாடி சிஸ்டர் என்பார்கள். அவள் பரிசோதனை முடிவையும் பார்த்து, முதல் பிள்ளையின் கதையையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அதுவும் இதனாலதான் இருந்திருக்கும்மா. அப்ப யாரும் பாக்கல. இப்ப பாத்துட்டோம். சொன்னபடி கேட்டா இந்தப் பிள்ளை உயிரோட உன் கைக்கு வரும்."

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் தராசு ஒவ்வொரு நாளையும் தள்ளினாள்.

சாப்பாட்டு அட்டை ஒன்றும் கொடுத்தார்கள். ஆப்பிள், மீன், பாதாம், ஒரு டம்ளர் பால் என்று படம் படமாய்ப் போட்டிருந்தது. கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற அவள் புருஷன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல இருக்கறத சாப்பிடணும்னா, நாம முதல்ல இந்தப் படம் வரைஞ்சவன் வீட்டுக்குக் குடிபோகணும்," என்றான்.

சிரித்தாள். ஆனால் விடவில்லை. சோற்றைப் பாதியாக்கினாள், கீரையையும் பருப்பையும் கூட்டினாள், டீயில் சர்க்கரையை நிறுத்தினாள், சாப்பிட்டுவிட்டுத் தெருமுனைவரை நடந்தாள். அப்படியும் சர்க்கரை மசியவில்லை. ஏழாம் மாதத்தில் இன்சுலின் ஊசி என்று முடிவானது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னால் தானே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஊசிப் பயம் ஒரு பக்கம் கிடக்கட்டும். மருந்தை எங்கே வைப்பது என்பதுதான் அந்தக் கிளினிக்குக்கு வரும் பாதிப் பெண்களுக்குத் தலைவலி. தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் ஃப்ரிட்ஜுக்கு எங்கே போவது? ஒருத்தி மருந்துக்கடையில் கெஞ்சி வைத்திருந்தாள். ஒருத்தி கறிக்கடையில். இன்னொருத்தி ஒரு டீச்சர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள், அந்த வீட்டு முட்டைத் தட்டில் அவளுடைய மருந்துக்கு ஒரு குழி ஒதுக்கியிருந்தார்கள். பேக்கரி முதலாளியைக் கேட்டதற்கு, வெண்ணெய் வைக்கிற இடத்தில் ஊசி மருந்தா என்று முகத்தைச் சுளித்தார்.

"எங்க வீட்ல இருக்கு சிஸ்டர்," என்றாள் கூடவே வந்திருந்த அக்கா.

அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தராசைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா போன பிறகு தங்கையை இடுப்பில் சுமந்ததும், தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியதும், பார்த்துப் பார்த்துக் கல்யாணம் பண்ணிக் கொடுத்ததும் அவள்தான். முதல் பிள்ளை போனபோது அந்தச் சின்ன உடம்பைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டதும் அவள்தான். இரண்டு சந்து தள்ளி வீடு. வேன் ஓட்டுகிற புருஷன், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். தவணையில் ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கி, குச்சி ஐஸ் போட்டு மதியத்தில் பள்ளிக்கூட வாசலில் விற்றுக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி சிஸ்டர் மருந்துக் குப்பிகள் இரண்டை மேஜைமேல் வைத்து, அக்கா தங்கை இருவருக்கும் சேர்த்துத்தான் சொன்னாள்.

"ஒண்ணு இப்ப போட, இன்னொண்ணு அது தீந்த பிறகு. குளிர்ச்சியில இருக்கணும். ஆனா உறையக் கூடாது. மேல ஐஸ் பெட்டியில வெச்சிடாதீங்க, பின்பக்கச் சுவர்ல ஒட்டியும் வெக்காதீங்க. ஒரு தடவை உறைஞ்சுதுன்னா குப்பையிலதான் போடணும். அப்படி ஏதாவது ஆச்சுன்னா உடனே வந்து சொல்லிடுங்க. நான் திட்டுவேன்தான், ஆனா எங்கயாவது அலைஞ்சு வேற வாங்கித் தருவேன்."

"இவளையே வளத்துட்டேன் சிஸ்டர், ரெண்டு குப்பியப் பாத்துக்க மாட்டேனா," என்றாள் அக்கா.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. வேலைக்குப் போகும் முன்னும், வேலை விட்டு வந்ததும் தராசு அக்கா வீட்டுப் படி ஏறுவாள். அக்கா குப்பியை எடுத்துக் கையில் தருவாள். பால் மாதிரி இருக்கும் அந்த மருந்தை உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டி, சிரிஞ்சில் இழுத்து, தொடையில் போட்டுக்கொள்வாள். முதல் நாள் கண்ணில் தண்ணீர் வந்தது, அப்புறம் பழகிவிட்டது. வீட்டிலேயே சர்க்கரை பார்க்கிற மிஷின் எல்லாம் வசதி உள்ளவர்களுக்கு. அவளுக்குக் கிளினிக் நாள்தான் பரீட்சை நாள். போய்ப் பார்த்தால் சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கியிருந்தது. கண்ணாடி சிஸ்டர் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

பிறகு பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி வந்தது. மொத்தப் பள்ளிக்கும் குச்சி ஐஸ் வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் அக்காவிடமே சொல்லிவிட்டார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வீடெல்லாம் அச்சுத் தட்டும் கலர் தண்ணீரும். அன்று மாலை தராசு போனபோது ஃப்ரிட்ஜ் உர்ரென்று உறுமிக்கொண்டிருந்தது.

"குமிழக் கடைசி வரைக்கும் திருப்பி வெச்சிருக்கேன். இல்லேன்னா காலைக்குள்ள கட்டியாகாது," என்றாள் அக்கா.

"மருந்து?"

"அத கதவுப் பக்கமா நகத்தி வெச்சிக்கறேன். உனக்கெதுக்கு அந்தக் கவலை? நீ பிள்ளையப் பாரு."

மறுநாள் காலையில் போனபோது அக்கா சமையலறை வாசலிலேயே மறித்தாள்.

"இங்கயே உக்காருடி. கால் வீங்கிக் கிடக்கு, நீ எதுக்கு நிக்கணும்? நானே இழுத்துட்டு வரேன்."

உள்ளே போய்ச் சிரிஞ்சில் மருந்தை நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்று மாலையும் அப்படியே. அதன் பிறகு தினமும் அப்படித்தான். தராசுக்கு மனசு குளிர்ந்து போனது. ஆயிரம் பேர் இருக்கட்டும், கூடப் பிறந்தவள் கூடப் பிறந்தவள்தான் என்று புருஷனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அவன்கூட, போதும் நிறுத்து, எனக்கும் அக்கா இருந்தா நல்லாருக்கும்னு தோணுது என்றான்.

அடுத்த கிளினிக் நாளில் ரத்தம் தொட்டுச் சர்க்கரை பார்க்கிற பட்டை கையிருப்பில் இல்லை. எடையை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டார்கள். அதற்கடுத்த முறை பார்த்தால் சர்க்கரை எகிறிக் குதித்திருந்தது.

"என்னம்மா சாப்பிட்ட?" என்றாள் கண்ணாடி சிஸ்டர்.

"நீங்க சொன்னதுதான் சிஸ்டர்."

"அப்ப இது எங்கேர்ந்து வந்துச்சு? காத்துலயா?"

டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அப்போதும் இறங்கவில்லை. மறுபடி கூட்டினார். தராசுக்குத் தன் மீதே சந்தேகம் வந்துவிட்டது. பொட்டலத்தைப் பிரிக்க விரலை நாக்கில் தொடுவாளே, அதில் ஒட்டுகிற தூள்தான் உள்ளே போகிறதோ என்று அந்தப் பழக்கத்தை விட்டாள். கையை ஒரு நாளைக்குப் பத்து முறை கழுவினாள். கடைசியில் அடுப்பு மாஸ்டரிடமே போய், வாசனையில் சர்க்கரை ஏறுமா என்று கேட்டாள்.

"ஏறும்னா நான் எப்பவோ போய்ச் சேந்திருக்கணுமே," என்றார் மாஸ்டர்.

அந்த வாரத்தில் ஒரு மாலை, புருஷன் கை கால் பெயின்ட்டைக்கூடத் துடைக்காமல் வந்து உட்கார்ந்தான்.

"நாளையிலேர்ந்து வேலைக்குப் போகாத."

"ஏன்?"

"கிளினிக்லேர்ந்து கூப்பிட்டுச் சொன்னாங்க. நீ அந்த டின்ல கை விட்டு எடுத்துத் தின்றத யாரோ பாத்திருக்காங்க."

"யாரு பாத்தது?"

"யாரா இருந்தா என்ன? பேரு சொல்லல."

"என் வயித்துல இருக்கற பிள்ளை மேல சத்தியமா நான் தொடல."

"அந்தப் பிள்ளை மேல ஏன் சத்தியம் பண்ற," என்றான் அவன். முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். "ஒண்ணக் கொண்டுபோய்ப் புதைச்சது போதாதா நமக்கு?"

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. வேலையை விட்டாள். கோள் சொன்னது யார் என்று யோசித்து யோசித்து, பொட்டலம் கட்டும் மேஜையில் பக்கத்தில் நிற்கிறவள் மேல் சந்தேகம் போனது. எல்லோரும் அவளைச் சுருட்டை என்பார்கள், தலைமுடி அப்படி. அந்தச் சுருட்டைதான் தினமும் டின் பக்கத்தில் நிற்பாள், அவள்தான் பார்க்கிற தூரத்தில் இருந்தாள். கடைசி நாள் தராசு அவளை எல்லோர் முன்னிலையிலும் வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டாள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் கையில் பொட்டலத்தோடு அப்படியே நின்றது.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனாள். அக்கா மடியில் தலையை வைத்து அழுதாள். அக்கா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு குனிந்து, காதோரமாய்க் கேட்டாள்.

"என்கிட்டயாவது உண்மையச் சொல்லு குட்டி. ஒரு துண்டு, ரெண்டு துண்டு தின்னியா?"

"நீயுமாக்கா?"

"இல்லடி, கேட்டேன். சரி விடு. வாயக் கட்டு, எல்லாம் சரியாயிடும்."

வாயை இதற்கு மேல் கட்ட என்ன இருந்தது? வீட்டிலேயே கிடந்தாள். புருஷன் தட்டைப் பார்த்துப் பார்த்துச் சோறு போட்டான். அலமாரியில் இருந்த சர்க்கரை டப்பாவை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டான். அடுத்த முறை கிளினிக்கில் பார்த்தபோது சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது. இந்தத் தடவை கண்ணாடி சிஸ்டர் திட்டவில்லை. சீட்டை முதலிலிருந்து மறுபடி படித்தாள்.

"குப்பிய எடுத்துட்டு வந்து, என் முன்னால மருந்து இழுத்துக் காட்டு. நீ இழுக்கறதுல ஏதாவது தப்பு இருக்கும்."

"நான் குப்பியப் பாக்கறதே இல்ல சிஸ்டர். அக்காதான் இழுத்துத் தருது."

"எவ்வளவு நாளா?"

"ஸ்கூல்ல போட்டி நடந்துச்சே, அப்பலேர்ந்து."

"ரெண்டு குப்பியையும் எடுத்துட்டு வா. தள்ளிப் போடாத."

அக்காவிடம் சொன்னாள். வெயிலில் எடுத்துப் போனால் மருந்து கெட்டுவிடும், நானே வந்து சிஸ்டரிடம் பேசுகிறேன் என்றாள் அக்கா. மறுநாள் தலைவலி என்றாள். அதற்கு மறுநாள் வீட்டுக்கு ஆள் வருகிறது என்றாள். தராசு என்ன பச்சைப் பிள்ளையா? இதெல்லாம் சாக்குப்போக்கு என்று தெரிந்தது. ஆனாலும் அக்காவைச் சந்தேகப்பட மனசு வரவில்லை. அக்காவுக்கே ஏதோ கஷ்டம், சொல்ல மாட்டேன் என்கிறாள் என்றுதான் நினைத்தாள். மூன்றாம் நாள், அக்கா பள்ளிக்கூட வாசலில் ஐஸ் விற்கிற நேரமாகப் பார்த்துப் போனாள். அந்த வீட்டுச் சாவி எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? திறந்தாள். குப்பிகளை ஈரத் துணியில் சுற்றினாள். சுற்றும் முன் ஒன்றைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். பால் மாதிரி கலங்கவேண்டிய மருந்து, திரிந்த பாலாக நின்றது. மேலே தண்ணீர், உள்ளே பொடிப்பொடியாய்க் கட்டி.

கண்ணாடி சிஸ்டர் குப்பியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். உள்கண்ணாடியில் வெள்ளைத் தூள் அப்பிக்கொண்டிருந்தது. இன்னொன்றையும் பார்த்தாள், அதுவும் அப்படியே.

"இது உறைஞ்சு உருகின மருந்தும்மா," என்றாள். "உறைஞ்ச பிறகு இதுக்குச் சத்து கிடையாது. இத்தன நாளும் நீ ஊசி போட்ட பேருதான்."

தராசு பெஞ்சில் உட்கார்ந்தாள். கண்ணாடி சிஸ்டரும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தப்பு எம்மேலயும் இருக்கு. அளவக் கூட்டினப்பவே குப்பியக் காட்டச் சொல்லியிருக்கணும். உங்க அக்கா வந்து அப்படிச் சொன்னதும் நானும் நம்பிட்டேன்."

"அக்கா வந்து என்ன சொன்னா?"

சிஸ்டருக்கு அப்போதுதான் தான் பேசியது உறைத்தது. ஆனால் இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாளோ என்னவோ, சொல்லிவிட்டாள்.

"நீ பேக்கரி டின்லேர்ந்து எடுத்துத் தின்றத கண்ணால பாத்தேன்னு சொன்னாங்க. சின்ன வயசுலேர்ந்தே உனக்கு வாய் அடங்காதாம். என் பேரச் சொல்லிடாதீங்க, தங்கச்சி மனசு உடைஞ்சிடும்னு அழுதாங்க. கூடப் பிறந்தவங்களே அழுதுக்கிட்டு வந்து சொன்னா நான் என்னன்னும்மா நினைக்கறது?"

அக்கா பேக்கரிக்குள் ஒரு நாளும் காலெடுத்து வைத்ததில்லை. தராசு அதைச் சொல்லவில்லை. மடியில் கிடந்த ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள், பிழிய அதில் ஒரு சொட்டும் இல்லை. சமையலறை வாசலில் அக்கா மறித்து நின்றது, கால் வீங்கியிருக்கிறது என்று உட்காரவைத்தது, மடியில் கிடத்திக்கொண்டு தின்னியா என்று கேட்டது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. அடிப்பாவி என்று வாய்விட்டுச் சொன்னாள். யாரை என்று சிஸ்டர் கேட்கவில்லை.

அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். பிள்ளை மாதத்துக்கு மீறி வளர்ந்திருந்தது, பனிக்குடத்தில் நீர் அதிகம். வீட்டுக்குப் போக வேண்டாம், இப்போதே பெரியாஸ்பத்திரியில் சேர்ந்துவிடு என்றார் டாக்டர். அங்கே ஒரு சட்டம். பிரசவ வார்டில் துணைக்கு ஒரு பெண் இருந்தால்தான் படுக்கை தருவார்கள். புருஷனுக்கு விஷயம் முழுதும் தெரியாது. அவன் யாரைக் கூப்பிடுவான்? அக்காவைத்தான் கூப்பிட்டான். அக்கா ஒரு பையில் துணியும் ஒரு ஃப்ளாஸ்கும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"குப்பி உறைஞ்சிருந்துச்சாம்க்கா," என்றாள் தராசு.

அக்கா ஃப்ளாஸ்க் மூடியைத் திருகினாள். "கரண்ட் போயிப் போயி வந்துச்சு. அதுல ஏதாவது ஆயிருக்கும்."

"கரண்ட் போனா சூடாகும். உறையாது."

"இப்ப எதுக்கு அதெல்லாம்? மனச அலட்டிக்காத, பிள்ளைக்கு ஆகாது."

"நான் தின்றத எங்க நின்னு பாத்த?"

அக்கா ஃப்ளாஸ்க்கை மூடினாள், மறுபடி திறந்தாள். தராசு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இவள அனுப்பிடுங்க."

"வேணும்னேவா செஞ்சிருப்பாங்க?" என்றான் அவன், பாதி புரிந்தும் புரியாமலும்.

"உறைஞ்சது வேணும்னு இல்ல. அதுக்கப்புறம் செஞ்ச அத்தனையும் வேணும்னுதான்."

அவனுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு, நானும் உன்னை நம்பவில்லையே என்றான். உங்க பஞ்சாயத்து தனியா இருக்கு, இப்ப துணைக்கு ஆள் பாருங்க என்றாள் தராசு.

வேறு யார் வருவார்கள்? வெட்கத்தை விட்டு, பேக்கரியில் போய்க் கேட்கச் சொன்னாள். சுருட்டை வந்தாள். அவ்வளவு பேச்சு வாங்கியவள், லீவு சொல்லிவிட்டு மாற்றுத் துணியோடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்தாள். தராசு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"அதெல்லாம் பிள்ளை பிறந்த பிறகு வெச்சிக்கலாம்," என்றாள் சுருட்டை. "நான் சாவகாசமா உங்கள நாலு வார்த்தை திட்டணும். இப்ப திட்டினா உங்களுக்கு பிரஷர் ஏறிடும்."

வார்டு ஃப்ரிட்ஜில் இருந்த நல்ல மருந்தைப் போட்டதும் சர்க்கரை இறங்கத் தொடங்கியது. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் தராசுக்கு ஆத்திரம் தாளவில்லை. இவ்வளவு சுலபமாக இறங்கக்கூடியதா இது? அத்தனை வாரமும் பிள்ளை உள்ளே தித்திப்பில் ஊறிக்கொண்டிருந்ததே. அந்த வாரம் முடியும் முன்பே ஒரு காலையில் அசைவு குறைந்தது. தராசு கத்தவில்லை, எழுந்து நடந்து போய் டியூட்டி நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டாள். போன தடவை நான் வீட்டுல காத்துக்கிட்டு இருந்துட்டேன், இந்தத் தடவை காக்க மாட்டேன் என்றாள். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள்.

பெண். பெரிய உடம்பு, சின்ன அழுகை. மூச்சு வேகமாக இழுத்தது. அம்மாவின் சர்க்கரைக்குப் பழகிய உடம்பு, வெளியே வந்ததும் தன் சர்க்கரை தாழ்ந்து துவண்டுவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் குழாய் மாட்டினார்கள். குதிகாலில் குத்திக் குத்தி ரத்தம் பார்த்தார்கள். தராசு தையல் வலியோடு சக்கர நாற்காலியில் போய்ப் பெட்டிக்கு வெளியே உட்கார்ந்திருப்பாள். பிழைக்குமா என்று கேட்டால் பார்க்கலாம் என்பார்கள். அந்தப் பார்க்கலாமைக் கேட்டுக் கேட்டு நாட்கள் போயின. ஒரு நாள் குழாயைக் கழற்றிவிட்டு, இந்தாம்மா பால் கொடு என்று கையில் வைத்தார்கள். அந்தக் குதிகால்களைப் பார்த்துத்தான் தராசு முதலில் அழுதாள். சுருட்டை தானும் அழுதுகொண்டு, பாலு உப்புக் கரிக்கப் போகுது, கண்ணத் தொடைங்க என்றாள்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் அக்கா வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். வழக்கமாக எங்கே போனாலும் ஏதாவது தூக்கிக்கொண்டு போகிறவள், அன்று வெறுங்கையோடு வந்திருந்தாள்.

"ஒரு தடவை தூக்கிப் பாக்கட்டுமாடி?"

குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது.

"காலையில எடுத்தா கல்லு மாதிரி இருந்துச்சு," என்றாள் அக்கா. கேட்காமலே சொன்னாள். "ரெண்டும். ஐஸ் ஞாபகத்துல நகத்தி வெக்க மறந்துட்டேன். வெந்நீர்ல போட்டேன். உருகி வந்தப்ப வெள்ளையாத்தான் இருந்துச்சு, சரியாயிடும்னு நெனச்சேன். அப்புறம் உனக்கு ஏற ஆரம்பிச்சதும் என்னால சொல்ல முடியல. நாளைக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம்னு இருந்துட்டேன். இதுவும் போச்சுன்னா, உன் வீட்டுக்காரரு, எங்க வீட்டுக்காரரு, ஊரு, எல்லாரும் என்னைத்தானே கேப்பாங்க."

"அதனால நான் தின்னேன்னு சொல்லிவெச்ச."

அக்கா ஆமென்று தலையை ஆட்டினாள்.

அப்போதுதான் தராசுக்கு முழுதும் விளங்கியது. இவ்வளவு நாளும் அக்கா தப்பை மறைத்தாள் என்றுதான் நினைத்திருந்தாள். அது மட்டும் இல்லை. பிள்ளை செத்துப் பிறக்கும் என்று அக்கா மனசுக்குள் முடிவே கட்டியிருக்கிறாள். அப்படிப் பிறந்தால் பழி யார் தலையில் விழவேண்டும் என்று ஆளும் பார்த்து வைத்திருக்கிறாள். தங்கை ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் வந்து ஊசிக்குக் காத்து உட்கார்ந்திருக்க, உள்ளே நின்று அந்தத் தண்ணீரை அளந்து அளந்து இழுத்திருக்கிறாள்.

குழந்தையை மார்போடு இன்னும் இழுத்துக்கொண்டாள். சுருட்டை எழுந்து வந்து கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"பயந்துட்டேன்டி குட்டி," என்றாள் அக்கா. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. "சத்தியமா, பயத்துல செஞ்சதுடி."

"நானும்தான் பயந்தேன்," என்றாள் தராசு. "பயந்தப்ப நான் உன்கிட்டதானேக்கா வந்தேன்."